நானூறு ஏன் காணாமல் போச்சு? கூல்ட் சொன்ன விடையும், அவர் வரைபடத்தில் இல்லாதவர்களும்

பேஸ்பால் பார்க்காதவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். அங்கே பேட்டிங் சராசரி என்பது கிரிக்கெட் மாதிரி ரன்னை அவுட்டால் வகுப்பது கிடையாது. கணக்கில் சேரும் வாய்ப்புகளில் எத்தனை முறை ஹிட் அடித்தார் என்கிற விகிதம், அவ்வளவுதான். 10 வாய்ப்பில் 3 ஹிட் என்றால் 0.300, நல்ல ஆட்டக்காரர். 4 ஹிட் என்றால் 0.400. ரசிகர்கள் தசமப் புள்ளியைத் தூக்கிப் போட்டுவிட்டு "நானூறு" என்பார்கள். நம்ம ஊர்ல பிராட்மேனோட 99.94 எப்படியோ, அமெரிக்காவில் இந்த நானூறு அப்படி.

முழு சீசனுக்கும் நானூறைத் தக்க வைத்த கடைசி ஆள் பாஸ்டன் ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ். வருஷம் 1941, சராசரி 0.406. 2024 மே மாதம் வரை அதிகாரபூர்வமான விடை இதுதான். அதற்குப் பிறகு நடந்ததுக்குக் கீழே வருகிறேன்.

இது ஏன் திரும்ப நடக்கவில்லை? இந்தக் கேள்விக்கு நான் படித்ததிலேயே சுவாரசியமான பதில், தொல்லுயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் 1996ல் எழுதிய 'ஃபுல் ஹவுஸ்' புத்தகத்தில் இருக்கிறது. (பிரிட்டனில் அதே புத்தகம் 'லைஃப்ஸ் கிராண்ட்யர்' என்று வேறு பெயரில் வந்தது. இரண்டையும் வாங்கிவிடாதீர்கள்.) பரிணாமம், அவருக்கு வந்த புற்றுநோய், பேஸ்பால் மூன்றையும் ஒரே வாதத்தில் கட்டியிருப்பார். நான் பேசப்போவது பேஸ்பால் பகுதியைப் பற்றி மட்டும்.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு வகை. ஒன்று, அந்தக் காலத்து ஆட்களே வேற மாதிரி, இப்போ யாருக்கும் அந்த வெறி இல்லை. இன்னொன்று, இப்போது எல்லாமே கடினம்: ராத்திரி ஆட்டம், ஓயாத விமானப் பயணம், கடைசி இன்னிங்ஸுக்கென்றே தனி பிட்சர்கள். கூல்ட் கேள்வியே தப்பு என்கிறார். நானூறு என்பது தொலைந்துபோன ஒரு தனிப் பொருள் இல்லை. அது எல்லா ஆட்டக்காரர்களின் சராசரிகளும் சேர்ந்த ஒரு பரவலின் வலது ஓரம். லீக் சராசரி நூறு வருஷமாக 0.260ஐச் சுற்றியே இருக்கிறது. பரவல் மட்டும் சுருங்கியிருக்கிறது. நடு நகராமல் அகலம் குறைந்தால் ஓரம் தானாகவே காணாமல் போகும். மோசமான ஆட்டக்காரர்களும் அதே வேகத்தில் காணாமல் போயிருக்கிறார்கள், அதை யாரும் தேடவில்லை.

ஏன் சுருங்கியது? ஆட்டம் மேம்பட்டதால், என்கிறார். மனித உடலின் எல்லை வலது பக்கம் ஒரு சுவர். எல்லாரும் அந்தச் சுவரை நெருங்க நெருங்க, முன்னால் நிற்பவனுக்கும் சராசரி ஆளுக்கும் இடையில் இருக்கும் இடைவெளி குறையும். ஆக, நானூறு மறைந்தது சரிவு இல்லை, வளர்ச்சி.

ஐடியில் வேலை பார்ப்பவர்களுக்கு பெல் கர்வ் என்றாலே வருஷாந்திர அப்ரைசல் ஞாபகம் வந்து வயிறு கலங்கும். ஆனாலும் "உச்சத்தை மட்டும் பார்க்காதே, மொத்தப் பரவலையும் பார்" என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன பொதுவாசகர் புத்தகத்தை நான் பார்த்ததில்லை.

சாதாரணக் கழித்தல் கணக்கிலேயே இதன் பலம் தெரியும். 1930ல் நியூயார்க் ஜயன்ட்ஸின் பில் டெர்ரி 0.401 அடித்தார். நேஷனல் லீக்கில் நானூறு தொட்ட கடைசி ஆள் என்று எல்லாப் பட்டியலிலும் அவர் பெயர் வரும். ஆனால் அந்த வருஷம் அந்த லீக்கின் சராசரியே 0.303! அதாவது ஊரே அடித்த வருஷம். டெர்ரி சராசரியைவிட 98 புள்ளி மேலே. வில்லியம்ஸ் அடித்த 1941ல் அமெரிக்கன் லீக் சராசரி 0.266, அவர் 140 புள்ளி மேலே. 1980ல் ஜார்ஜ் பிரெட் 0.390, லீக் 0.269, 121 புள்ளி. 1994ல் வேலைநிறுத்தத்தால் பாதியில் நின்ற சீசனில் டோனி க்வின் 0.394, லீக் 0.267; 127 புள்ளி. நானூறு என்கிற முழு எண்ணை மறந்துவிட்டுப் பார்த்தால், பிரெட்டும் க்வினும் டெர்ரியைவிட எவ்வளவோ மேலே. முழு எண்ணில் அப்படி ஒரு மயக்கம்.

இனி விமர்சனத்துக்கு வருவோம்.

முதலில் தோன்றும் ஆட்சேபம்: ஆரம்பகால சீசன்கள் ரொம்பக் குட்டி. 1870களில் ஒரு அணி 60, 70 ஆட்டம்தான் ஆடும். குறைந்த வாய்ப்பு என்றால் வெறும் அதிர்ஷ்டத்தாலேயே பரவல் அகலமாகத் தெரியும். கூல்ட் காட்டும் சுருக்கம் முழுக்க இந்தச் சத்தம்தானோ? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 0.265 திறமை உள்ளவருக்கு 280 வாய்ப்பு கொடுத்தால், அதிர்ஷ்டத்தால் மட்டும் வரும் திட்ட விலக்கம் 0.026. 550 வாய்ப்பு என்றால் 0.019. கூல்ட் வரைபடத்தில் திட்ட விலக்கம் தோராயமாக 0.05ல் தொடங்கி 0.03 பக்கம் வந்து நிற்கும். இரண்டிலிருந்தும் அதிர்ஷ்டத்தின் பங்கை எடுத்துவிட்டால் (வர்க்கத்தில்தான் கழிக்க வேண்டும், நேரடியாக அல்ல), திறமையின் பரவல் 0.042லிருந்து 0.023க்கு இறங்குகிறது. கிட்டத்தட்ட பாதி. ஆக, இந்த ஆட்சேபம் நிற்காது. சத்தத்தை நீக்கினால் கூல்ட் வாதம் இன்னும் வலுவாகத்தான் ஆகிறது.

இரண்டாவது, வகுக்கும் எண். டேட்டாபேஸ் வேலை பார்ப்பவன் என்கிற முறையில் எனக்கு இது உறுத்துகிறது: நூறு வருஷ அட்டவணையில் பத்தியின் தலைப்பு ஒன்றே, அர்த்தம் அடிக்கடி மாறியிருக்கிறது. 1887ல் பந்தை அடிக்காமல் கிடைக்கும் 'வாக்'கைக்கூட ஹிட்டாக எண்ணினார்கள். அந்த வருஷம் டிப் ஓ'நீல் 0.492, இன்றைய விதிப்படி திருத்தினால் 0.435. பந்தை உயரமாக அடித்து, தான் அவுட் ஆனாலும் கூட்டாளியை ரன் எடுக்க வைக்கும் 'சேக்ரிஃபைஸ் ஃப்ளை'யின் கதை இன்னும் வேடிக்கை. டெர்ரி அடித்த 1930ல், கூட்டாளி எந்த பேஸிலிருந்து ஒரு பேஸ் முன்னேறினாலும் அந்த வாய்ப்பு கணக்கில் வராது. அடுத்த வருஷமே அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். 1939ல் ஒரு வருஷம் மட்டும் ரன் வந்தால் சலுகை உண்டு என்றார்கள். மறு வருஷம் திரும்பவும் இல்லை. 1954ல் மறுபடி வந்தது. வில்லியம்ஸுக்கு 1941ல் அந்தச் சலுகை கிடையாது. இன்றைய விதி இருந்திருந்தால் அவர் எண் இன்னும் சில புள்ளி கூடியிருக்கும்.

கூடியிருந்தால், அந்தக் கடைசி நாள் கதையே நமக்குக் கிடைத்திருக்காது என்பது வேறு விஷயம். 1941 செப்டம்பர் 28 காலையில் அவர் 448 வாய்ப்பில் 179 ஹிட், அதாவது 0.39955. மூன்று தசமத்துக்கு முழுமைப்படுத்தினால் 0.400. ஆடாமல் உட்கார்ந்திருக்கலாம், மேலாளர் ஜோ க்ரோனினும் அதற்கு இடம் கொடுத்தார். வில்லியம்ஸ் அன்றைக்கு ஃபிலடெல்ஃபியாவில் இரண்டு ஆட்டமும் ஆடினார். 8 வாய்ப்பில் 6 ஹிட். பிராட்மேனின் ஓவல் டக்கை நினைத்தால், இது அதற்கு நேர் எதிர்.

மூன்றாவது, நகராத லீக் சராசரி. கூல்ட் வாதம் முழுக்க இந்த ஆணியில்தான் தொங்குகிறது. அது இயற்கையாக அப்படி நிற்கவில்லை, விதிகளைத் திருகித்தான் நிறுத்தினார்கள் என்பதை அவரும் சொல்கிறார். 1968ல் பிட்சர்கள் கை ரொம்ப ஓங்கியது. கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி 0.301 அடித்தே அமெரிக்கன் லீக் பேட்டிங் பட்டத்தை வாங்கிப் போனார். உடனே அடுத்த வருஷம் பிட்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாக இறக்கினார்கள். ஆனால் புத்தகம் வந்த பிறகு ஆணியே கழன்றுவிட்டது. ஸ்ட்ரைக் அவுட் ஆனாலும் பரவாயில்லை, அடித்தால் ஹோம் ரன் என்று அணிகளே கணக்குப் போட்டு மாறிவிட்டன. 2022ல் மொத்த சராசரி 0.243, 1968க்குப் பிறகு இதுதான் ஆகக் குறைவு. 2024ல் லூயிஸ் அராயஸ் நேஷனல் லீக் பட்டத்தை 0.314ல் வாங்கினார். இன்றைக்கு நானூறு வராததுக்குப் பாதிக் காரணம் நடுவே கீழே இறங்கியது. இதை கூல்ட் மேல் குற்றமாகச் சொல்ல முடியாது. ஆனால் இப்போது அந்தப் புத்தகத்தை எடுத்து இன்றைய ஆட்டத்துக்கு அப்படியே பொருத்தி எழுதுபவர்கள் மேல் சொல்லலாம்.

ஃபீல்டிங் விகிதம் உயர்ந்துகொண்டே போவதை ஆட்டம் மேம்பட்டதற்குச் சாட்சியாக வைக்கிறார். அதில் கையுறைக்கும் மைதானப் பராமரிப்புக்கும் எவ்வளவு பங்கு என்று பிரிக்க வழியில்லை. அதை விடுங்க, எனக்கு உண்மையில் இடிக்கும் இடம் வேறு.

கூல்ட் வரைபடம் நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் இரண்டின் தரவில் வரைந்தது. 1947 ஏப்ரல் 15ல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்கு இறங்கும்வரை, இருபதாம் நூற்றாண்டில் அந்த இரண்டு லீக்கிலும் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. அவர்கள் நீக்ரோ லீக்குகள் என்ற தனி அமைப்பில் ஆடினார்கள். 1941ல் வில்லியம்ஸ் தன் லீக்கில் சாட்செல் பெய்ஜின் பந்தை ஒருமுறைகூட எதிர்கொள்ள வேண்டியிருக்கவில்லை. எதிர்ப்பக்கம் ஜாஷ் கிப்சனுக்கும் அதேதான். அவரும் வெள்ளையர் லீக் பிட்சர்களை சீசன் ஆட்டத்தில் சந்தித்ததில்லை.

இது கூல்ட் வாதத்தை உடைக்கிறதா? எண்ணை உடைக்கவில்லை. திறமையுள்ள ஒரு பெரும் கூட்டத்தை வெளியே வைத்தால், உள்ளே கடைசி இடங்களில் பலவீனமானவர்கள் நிற்பார்கள். பரவல் அகலமாக இருக்கும். கதவைத் திறந்ததும் அந்த இடங்கள் நல்லவர்களால் நிரம்பும், பரவல் சுருங்கும். வரைபடம் அப்படியே கூல்ட் வரைந்தது மாதிரியே வரும். ஆனால் காரணம் அடியோடு வேறு. சுவரை நோக்கி எல்லாரும் மெல்ல நகர்வது ஒரு கதை, பூட்டியிருந்த கதவைத் திறந்தது இன்னொரு கதை. முதலாவதில் யாரும் குற்றவாளி இல்லை. இரண்டாவதில் பூட்டினவர்கள் இருக்கிறார்கள். கூல்ட் தன் எடையை முழுக்கச் சுவர் மேல் வைத்துவிட்டார். அளவீடுகளுக்குள் இனவாதம் எப்படி ஒளிந்துகொள்கிறது என்று 1981ல் 'தி மிஸ்மெஷர் ஆஃப் மேன்' எழுதினவரே அவர்தான் என்பதால் இது இன்னும் கூடுதலாக உறுத்துகிறது.

வில்லியம்ஸ் இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தார். 1966ல் கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தபோது, மேடையிலேயே பெய்ஜ், கிப்சன் பெயர்களைச் சொல்லி, வாய்ப்பு மறுக்கப்பட்ட அவர்களையும் ஒரு நாள் இங்கே சேர்க்க வேண்டும் என்றார். 1971ல் பெய்ஜும் 1972ல் கிப்சனும் சேர்ந்தார்கள். கிப்சனுக்கு அது தெரியாது. ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு, 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்துவிட்டார்.

2024 மே மாதக் கடைசியில் மேஜர் லீக் பேஸ்பால், 1920 முதல் 1948 வரையிலான நீக்ரோ லீக் எண்களை அதிகாரபூர்வப் பட்டியலில் சேர்த்தது. வாழ்நாள் சராசரியில் 0.372 உடன் கிப்சன் முதலிடம். டை காப் 0.367 உடன் இறங்கினார். ஒரு சீசன் சாதனையும் கிப்சனுக்கு: 1943ல் 0.466. அதற்கு முன் ஹியூ டஃபி 1894ல் அடித்த 0.440. கவனிங்க, 1943 என்பது 1941க்கு இரண்டு வருஷம் பின்னால். "கடைசி நானூறு வில்லியம்ஸ்" என்ற வாக்கியத்தை இனி அப்படியே எழுத முடியாது.

இதற்கு வந்த எதிர்ப்பில் நியாயமான ஒன்று உண்டு: நீக்ரோ லீக்கின் அதிகாரபூர்வ சீசன்கள் சின்னவை, மேலே போட்ட அதே அதிர்ஷ்டக் கணக்கு இங்கேயும் பொருந்தும். சரிதான். 0.350 திறமைக்கு 200 வாய்ப்பு கொடுத்தால் திட்ட விலக்கம் 0.034, வில்லியம்ஸ் பெற்ற 456 வாய்ப்புக்கு 0.022. எனவே 0.466 என்பதை 0.406க்கு நேராக வைக்கக் கூடாது. ஆனால் அதே கண்டிப்பை 1870களின் 60 ஆட்ட சீசன்களுக்கும் காட்ட வேண்டும் இல்லையா? அந்த எண்கள் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் பட்டியலில் இருக்கின்றனவே.

சுவரா கதவா என்பதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு லீக்குகளும் ஒரே வேகத்தில் கதவைத் திறக்கவில்லை. 1950களில் நேஷனல் லீக் வேகமாகத் திறந்தது, அமெரிக்கன் லீக் இழுத்தடித்தது. ஆகக் கடைசி அணி வில்லியம்ஸின் ரெட் சாக்ஸ்தான், 1959ல். காரணம் சுவர் என்றால் இரண்டு லீக்கின் பரவலும் ஒன்றாகவே சுருங்கியிருக்க வேண்டும். கதவு என்றால் நேஷனல் லீக் முதலில் சுருங்கி, அமெரிக்கன் லீக் பின்னால் வந்திருக்க வேண்டும். 1946 முதல் 1965 வரை, லீக் வாரியாக, அதிர்ஷ்டத்தின் பங்கைக் கழித்துவிட்டு ஓட்ட வேண்டிய சின்ன ஸ்க்ரிப்ட். ஆண்டுக்கு ஒரு லீக்கில் ஐம்பது, அறுபது ஆட்டக்காரர்கள்தான் தேறுவார்கள், அதனால் கோடு நடுங்கும். மூன்று வருஷமாகச் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஓட்டிவிட்டு வரைபடத்தோடு வருகிறேன்.