வாசற்கதவும் வார்னிஷும்

அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ புதுவீடு கட்டுகிறவர் வாசற்கதவுக்குத் தேக்கு வாங்கிவிட்டால், அடுத்த கேள்வி பெயிண்டா வார்னிஷா என்பதுதான். காசு கொட்டி வாங்கிய ரேகையைப் பெயிண்டால் மூட யாருக்கு மனசு வரும்? அந்த ஆசையில் தப்பில்லை. ஆனால் மரத்தைக் காக்கும் என்று சொல்லியல்லவா வார்னிஷ் அடிக்கிறோம்! அந்தக் கணக்கில், கரிசல் வெயிலை நேராக வாங்கும் கதவுக்கு அது பொருந்தாத காப்பு என்பேன். வீட்டுக்குள் இருக்கும் அலமாரிக்கும் ஊஞ்சல் பலகைக்கும் அதே வார்னிஷைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

பிசினை ஆளிவிதை எண்ணெய் போல உலரும் எண்ணெயில் காய்ச்சி, டர்பன்டைன் விட்டு இளக்கியது பழைய வார்னிஷ். இன்றைய டப்பாவில் பிசினின் இடத்தில் அல்கைடோ பாலியூரித்தேனோ இருக்கும். எதுவானாலும், காய்ந்ததும் மரத்தின்மேல் கண்ணாடித் தோலாக நிற்கிறது. கைவேர்வையும் காபிக் கறையும் அந்தத் தோலோடு நின்றுவிடும்; வெயில் நிற்பதில்லை. புற ஊதாக் கதிர் உள்ளே புகுந்து, மரநார்களைப் பிணைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. வார்னிஷ் பற்றியிருந்த மேற்பரப்பே பிடி விட்டுப்போவதால், தோல் செதில் செதிலாகப் பெயர்கிறது. மரம் மூச்சு விட வேண்டும் என்று ஆசாரிகள் சொல்வார்கள். செத்த மரத்துக்கு ஏது மூச்சு. ஆனால் அது காற்றின் ஈரத்தை வாங்கி வெளியிடுவது உண்மை. காற்றின் ஈரப்பதம் 30 சதவீதமாகவே நீடித்தால் மரத்தின் ஈரம் 6 சதவீதத்தை ஒட்டி இறங்கும். 80 ஆக நீடித்தால் 15-ஐத் தாண்டும். அவ்வளவும் ஏறி இறங்கினால் 20 செ.மீ. அகலத் தேக்குப் பலகை, அறுத்த வாக்கைப் பொறுத்து, 3 மி.மீ. வரைகூட விரிந்து சுருங்கும். வார்னிஷ் இதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. கோடையில் பலகை இணைப்புகளில் விழுந்த கீறல் வழியே ஐப்பசி மழை உள்ளே போகிறது. போன தண்ணீர் சீக்கிரம் வெளியேற அதே தோல் விடுவதில்லை. மரம் கறுக்கிறது.

கப்பலின் பாய்மரத்துக்கே வார்னிஷ் அடித்தார்களே, கதவுக்கு என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அது இளக்கமான வகை. தோல் உரியும் முன்பே தேய்த்து மேல்பூச்சு கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். கதிரை உறிஞ்சும் சேர்மானம் கொண்ட இன்றைய வெளிப்புற வார்னிஷும் அந்தப் பராமரிப்பை நம்பித்தான் நிற்கிறது. நம் வழக்கமோ கிரகப்பிரவேசத்துக்கு ஒரு பூச்சு, மகள் கல்யாணத்துக்கு அடுத்தது. அதற்குள் பெயர்ந்துவிட்டால், பூவேலை செய்த கதவை வெறும் மரம் தெரியும்வரை சுரண்டியாக வேண்டும். அந்தக் கூலியையும் வார்னிஷின் விலையில்தான் சேர்க்க வேண்டும்.

அதற்காக, முன்னோர் எண்ணெய்தான் தேய்த்தார்கள் என்று ஒரேயடியாகத் திரும்பிவிடவும் முடியாது. வேப்பெண்ணெயும் இலுப்பை எண்ணெயும் இறுகிக் காய்வதில்லை. காற்றில் வரும் புழுதியெல்லாம் கதவில் ஒட்டும். ஆளிவிதை எண்ணெய் காயும், ஆனால் அடைமழை மாதங்களில் பூஞ்சை பிடிக்கும். (அதைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும்.) இருந்தும் எண்ணெய்க்கு உரிந்துபோக ஒரு தோல் இல்லை, துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தால் போதும். வெயிலைத் தடுப்பதில் பெயிண்டுக்கு நிகரில்லை, அதன் நிறமிதான் கதிரை மறிக்கிறது. ரேகையை மறைப்பதும் அதே நிறமிதான்! கறையானுக்கு இவை எதுவும் மருந்தல்ல. அது மண்ணிலிருந்து நிலையின் அடிக்கால் வழியே ஏறுவது. நிலையைக் கல்மேல் நிறுத்துவதும், பூச்சுக்கு முன்பே மரத்தில் போரான் மருந்து ஏற்றுவதும் தனி வேலை.

ரேகை தெரிந்தே ஆகவேண்டும் என்கிறவர் வார்னிஷ் டப்பாவுக்கு முன்னால் கூரையைப் பார்க்கட்டும். திண்ணை வைத்த பழைய வீடுகளில் தாழ்வாரம் முன்னால் இறங்கி, கதவு பெரும்பாலும் நிழலில் இருந்தது. தெருவை ஒட்டி மொட்டையாக எழும்பும் இன்றைய முகப்பில் இரண்டடி சன்ஷேடு உச்சிவெயிலைத்தான் மறைக்கும். மேற்குப் பார்த்த வாசலில் சாய்ந்து வரும் நாலு மணி வெயில் அதன் அடியில் புகுந்து கதவின் கால்வரை விழுகிறது.