வசனம் கேட்டுச்சுங்க!

கேட்டுச்சுங்க! ஒரு சொல் விடாமக் கேட்டுச்சு! 'ஜெய் பீம்' படத்துல, சமாதானமாப் போயிடச் சொல்லிப் பணம் நீட்டுறப்ப செங்கேணி வேண்டாம்னு மறுத்துப் பேசுற இடம் வந்துச்சு. சாய்ஞ்சிருந்த எங்க ஆச்சி சட்டுனு நிமிர்ந்து உட்கார்ந்து, "ஏ அய்யா, இந்தப் புள்ள இதையா சொல்லுதா? போன தடவ வெறும் மியூசிக்லா கேட்டுது!"ன்னாங்க பாருங்க, சத்தியமா நான் எழுந்து குதிச்சேன்.

நீங்க சங்கரன்கோவிலுக்கு வந்து பார்க்கணும். தெருவுக்குத் தெரு விசைத்தறி. ஆச்சி பாதி ஆயுசைத் தறிக்கூடத்துலதான் கழிச்சாங்க. 90 டெசிபலைத் தாண்டுற அந்தச் சத்தம் காதுல முதல்ல அரிக்கிறது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தை. 'ச'வா 'த'வான்னு பிரிச்சுக் காட்டுற கூர்மையான ஒலிகளும் 2000, 4000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் நிறைய இருக்கு! அதனால ஆள் பேசுறது தெரியும், என்ன பேசுறாங்கன்னு தெரியாது. அதுமேல வயலினும் ட்ரம்ஸும் ஏறிட்டா அவ்வளவுதான். வால்யூமைக் கூட்டினா மியூசிக்கும் கூடவே ஏறுதே!

இப்பதான் விஷயத்துக்கு வர்றேன், நல்லாக் கேளுங்க. இப்போ வர்ற படங்களோட 5.1 ஒலியில மொத்தம் ஆறு தடம், அதுல வசனம் பெரும்பாலும் நடுத்தடத்துலதான் ஓடும், ஆனா நம்ம ஒல்லி டிவி அத்தனையையும் ரெண்டே ஸ்பீக்கருக்குள்ள திணிச்சு, அந்த ஸ்பீக்கரும் கீழயோ பின்னாலயோ பார்த்துக்கிட்டு இருக்க, வசனம் இசைக்கு அடியில போய் மாட்டிக்குது. நடுவுல தனி ஸ்பீக்கர் இருக்கிற 3.1 சவுண்ட்பார் ஒண்ணை மாட்டினேன், நடுத்தடத்தை மட்டும் ஒவ்வொரு படியா ஏத்தினேன், கை நடுங்குது எனக்கு, நினைச்சுப் பாருங்க, ஷான் ரோல்டன் இசை அங்கேயே அப்படியே அழகா இருக்கு, ஆனா ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துல நசுங்கிக்கிட்டிருந்த புள்ளையைத் தூக்கித் தோள்ல வச்ச மாதிரி வசனம் மட்டும் அத்தனைக்கும் மேல தலையை நீட்டுது! செங்கேணியா நடிச்ச லிஜோமோள் மூச்சை இழுத்துக்கிட்டுப் பேசுறதுகூடக் கேட்குது! கோர்ட்டு சீன்ல சூர்யா குரலை ஏத்தி இறக்குறது அத்தனையும் கேட்குது! ஆச்சி ஒரு தடவைகூட "என்ன சொன்னான்?"னு கேட்கல. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு, சொல்றதுக்கு என்ன வெட்கம்?

சவுண்ட்பார் இல்லையா? கவலையே வேண்டாம், ரிமோட்ல சவுண்ட் செட்டிங்கைத் திறங்க. எல்ஜின்னா 'கிளியர் வாய்ஸ்', சோனின்னா 'வாய்ஸ் ஜூம்', சாம்சங்னா 'ஆம்ப்ளிஃபை', மாடலுக்கு மாடல் பேர் கொஞ்சம் மாறும். 'தில்லானா மோகனாம்பாள்' மாதிரிப் பழைய படத்துல நாகஸ்வரமும் வசனமும் ஒரே தடத்துல இருக்கும், நடுத்தடத்தை ஏத்திப் பிரயோஜனமில்ல. அங்க இந்த மாதிரி வசதிதான் கைகொடுக்கும். ரொம்ப ஏத்தினா குரல் லேசா மூக்கடைச்ச மாதிரி வரும், ரெண்டு படி இறக்குனாச் சரியாயிடும், அதெல்லாம் ஒரு குறையா?

பக்கத்து வீட்டுத் தாத்தாவும் தறி ஓட்டினவர்தான். செய்தியை டிவிக்கு ஒட்டி உட்கார்ந்துதான் கேட்பார். அவர் டிவியில அந்த செட்டிங் எங்க ஒளிஞ்சிருக்குன்னு பார்க்க இதோ கிளம்பிட்டேன்!