கூவைப் பிரித்தால்

பொன்னமராவதியில் உறவினர் வீட்டுத் திண்ணை. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அரிச்சுவடியை மடியில் வைத்து, க, கா, கி, கீ என்று ஒரே மூச்சில் கௌ வரை போனாள். "கூவைப் பிரிச்சுச் சொல்லு ஆத்தா" என்றேன். "அதை எப்படிப் பிரிக்கிறது? அது ஒரே எழுத்து மாமா" என்றாள்.

பிள்ளை மேல் குறையில்லை. 247-ஐயும் 247 தனிப்படங்களாக ஒப்பிக்க வைக்கிறோமே, அந்த வழக்கத்தின் குறை இது. தொல்காப்பியருக்கு எழுத்து என்றால் முதலில் ஒலி. உயிர் 12, மெய் 18, ஆக 30. சார்ந்து வருவன மூன்று. கடல், பங்கு, பகல் மூன்றிலும் ககரம் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. ஆனாலும் அந்த வேறுபாட்டால் பொருள் மாறாததால் ஒரே எழுத்தாக எண்ணினார்கள். பல், கல் என்றால் பொருளே மாறுகிறது. அங்கே இரண்டு எழுத்து. மொழியியலார் ஒலியன் என்று பேசுவதும் இதைத்தான்.

அதற்காக அரிச்சுவடியைத் தூக்கிப் போடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மேலே உயிர், ஓரத்தில் மெய், சந்திக்கும் கட்டத்தில் உயிர்மெய்: ஒலிகள் சேரும் விதத்தையே படமாகப் போட்டு வைத்திருக்கிறது. க்-ங், ச்-ஞ், ட்-ண், த்-ந், ப்-ம் என்று ஒரே இடத்தில் பிறப்பவை அடுத்தடுத்து நிற்கின்றன. ஆங்கிலத்து ஏ, பி, சி-யில் இந்த ஒழுங்கைத் தேடினாலும் கிடைக்காது.

ஆனால் கட்டத்தைக் காட்டாமல் வரிசையை மட்டும் பாட வைத்தால் இத்தனையும் வீண். எந்தச் சொல்லிலும் வராத ஙௌவுக்கும் தினம் வாயில் வரும் மாவுக்கும் ஒரே உழைப்பு.

உகர, ஊகார வரிசைகளில் சிக்கல் கூடுதல். கு, சு, து, பு என்று குறி இடத்துக்கிடம் உருமாறி, உள்ளே இருக்கும் உகரத்தை மறைத்துவிடுகிறது. 1978-இல் ணா, றா, னை போன்றவை பெரியார் கையாண்ட வடிவத்துக்கு மாறிய பிறகு, இந்த வரிசைகளையும் மாற்றச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. பொன்னமராவதிக்குப் பக்கத்து மேலைச்சிவபுரியில் பிறந்த தமிழறிஞர் வ.சுப. மாணிக்கனார் அதைக் கடுமையாக எதிர்த்தார். ‘எழுத்துச் சீர்திருத்தம் எங்கே போய் முடியும்?’ என்று நூல் தலைப்பிலேயே கேட்டார். நான் அவர் பக்கம். அச்சிட்ட அத்தனை நூலையும் பேரப்பிள்ளைகளுக்கு அந்நியமாக்கும் விலை மிகப் பெரிது. ஆனால் வடிவத்தைக் காப்பவர்களுக்கு ஒரு கடமை உண்டு: வடிவம் மறைப்பதை வாயால் பிரித்துக் காட்ட வேண்டும். அதைத்தான் நாம் செய்வதில்லை.

அன்று பூவை எடுத்துக்கொண்டோம். முதலில் ‘ப்’, பிறகு ‘ஊ’. நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தவள், "ப் சொன்னா வாய் மூடிக்குது மாமா" என்றாள். அப்புறம் ‘ம்’ என்று தானாகவே சொல்லி, உதட்டில் விரலை வைத்துப் பார்த்தாள். "இதுக்கும் மூடுதே!" மடியிலிருந்த அரிச்சுவடியில் பகரமும் மகரமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.