உணவுப் பட்டியல் பண்பாடு ஆகுமா?

'பல்லின மக்களின் உணவுப் பண்பாடு' என்று தலைப்புக் கொடுத்தால் நம்ம மாணவர்களின் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் வருகின்றன. சீனர் மீ சாப்பிடுவர், மலாய்க்காரர் நாசி லெமாக் சாப்பிடுவர், இந்தியர் தோசை சாப்பிடுவர். ஆகவே ஒற்றுமையாக வாழ்கிறோம். மொழிப்பிழை இல்லை, ஆனால் படித்து முடித்ததும் மனத்தில் ஒன்றும் நிற்பதில்லை.

ஈப்போவையே எடுத்துக்கொள்வோம். அவித்த கோழி, பருத்த தாவ்கே, வழுவழுப்பான கொய்த்தியாவ் என்று எழுதிவிட்டுப் பேனா நின்றுவிடுகிறது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு வந்த ஹக்கா, கண்டனீஸ் மக்களோடுதான் இந்தச் சமையலும் வந்தது. தாளில் சுற்றிய கோழியைச் சூடான உப்புக்குள் புதைத்து வேகவைப்பது ஹக்கா மக்களின் முறை. இதைச் சேர்த்தாலே கட்டுரையில் வரலாறு வந்துவிடும்.

அடுத்து, கடையை விட்டு வீட்டுக்குள் போக வேண்டும். சீனப் புத்தாண்டுக்கு முந்தின இரவு குடும்பமே ஒன்றுகூடிச் சாப்பிடும். அதில் மீன் இருக்கும். சீன மொழியில் 'மீன்' என்ற சொல்லும் 'மிச்சம்' என்ற சொல்லும் ஒரே ஒலி. அதனால் பல வீடுகளில் மீனில் கொஞ்சம் மீதி வைப்பார்கள். டிசம்பர் 22 வாக்கில் வரும் தோங் சீ நாளில் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து பசையரிசி மாவை உருட்டித் 'தாங் யுவென்' செய்வார்கள். அந்த உருண்டை குடும்பம் கூடியிருப்பதன் அடையாளம். நம் வீட்டில் கொழுக்கட்டை பிடிக்கும் கைகள் நினைவுக்கு வரவில்லையா? சிங் மிங் காலத்தில் முன்னோர் கல்லறையில் உணவு படைப்பதையும் நம் படையலோடு ஒப்பிடலாம்.

வேற்றுமையையும் எழுதுங்கள். சீனர் மேசையில் கறி வகைகள் நடுவில் இருக்கும், எல்லாரும் அதிலிருந்து எடுத்துக்கொள்வர். நமக்கோ ஆளுக்கொரு இலை, பரிமாற ஒருவர். கண்டனீஸ் வீடுகளில் சின்னப்பிள்ளை 'தாத்தா சாப்பிடுங்க, பாட்டி சாப்பிடுங்க' என்று பெரியவர்களை அழைத்த பிறகே சாப்பிடத் தொடங்கும். நம் வீடுகள் பலவற்றில் பரிமாறிய அம்மா கடைசியில்தான் உட்காருவார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு கேள்வி எழும்: சமைத்தவர் எப்போது சாப்பிட்டார்? நான் திருத்திய கட்டுரைகள் எதிலும் இந்தக் கேள்வியைக் கண்டதில்லை.

பேராக் ரப்பர்த் தோட்டங்களில் லயத்துப் பிள்ளைகளுக்குச் சீனர் என்றால் பெரும்பாலும் கடைக்காரர்தான். சம்பள நாள்வரை புத்தகத்தில் எழுதிக் கடன் கொடுப்பார். அவர் வீட்டு அடுப்பை யார் பார்த்தார்? தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறி, நம்மவர்கள் தாமான்களுக்குக் குடிவந்த பிறகுதான் பலருக்குச் சீனக் குடும்பம் பக்கத்து வீடானது. அங்கேயும் தயக்கம் உண்டு. 'அந்தச் சட்டியில் என்ன சமைச்சாங்களோ' என்ற எண்ணத்தை மறைத்துவிட்டு ஒற்றுமை பாடினால் அது பொய்யாகிவிடும்.

அந்தத் தயக்கம் தளரும் இடங்களையும் தேடுங்கள். குவான் யின் அம்மனை வணங்கும் சீனர் பலர் மாட்டிறைச்சி உண்பதில்லை. சீனரின் ஒன்பதாம் மாதத்தில் வரும் ஒன்பது பேரரசர் விழாவில் ஒன்பது நாள் சைவம். கடைகளில் மஞ்சள் கொடி தொங்கும். பல ஆண்டுகளில் நம் நவராத்திரியும் அதே நாட்களில்தான் வருகிறது. 2024-இல் இரண்டும் அக்டோபர் 3-ஆம் தேதி தொடங்கின. ஒரே வாரத்தில் இரு வீட்டிலும் சைவச் சமையல்! இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

மாணவர்களே, அடுத்த முறை பத்து உணவின் பெயரை அடுக்காதீர்கள். ஒரே ஒரு வீட்டு உணவை எடுத்துக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள்: யார் சமைத்தார்? யாரை முதலில் அழைத்தார்கள்? யாருக்காக மீதி வைத்தார்கள்? கண்டனீஸ்காரர்களும் நம்மைப் போலவே 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்டுத்தான் நலம் விசாரிப்பார்கள். உங்கள் கட்டுரையை அங்கிருந்தே தொடங்கலாம்.