தந்தையின் கையும் மகனின் மொழியும்: இத்தாலோ ஸ்வேவோவின் ‘ஸேனோவின் மனச்சான்று’ புதினத்தில் உளப்பகுப்பாய்வு

திறவுச்சொற்கள்: உளப்பகுப்பாய்வு, தந்தை – மகன் உறவு, வட்டார மொழி, திரியெஸ்தே, ஸ்வேவோ

இத்தாலோ ஸ்வேவோ என்னும் புனைபெயரில் எழுதிய எத்தோரே ஷ்மிட்ஸ் (1861–1928) திரியெஸ்தே துறைமுக நகரைச் சார்ந்த வணிகர். 1923இல் வெளிவந்த அவரது இப்புதினத்தின் தலைப்பிலுள்ள இத்தாலியச் சொல் மனச்சான்று, தன்னுணர்வு என்னும் இரு பொருளையும் தருவது. தமிழில் ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்று நழுவிவிடுகிறது.

நூலின் முன்னுரையை எழுதுபவர் ‘எஸ்’ என்னும் மருத்துவர். சிகிச்சையை இடையிலேயே கைவிட்ட நோயாளி ஸேனோ கொசினியைப் பழிவாங்கவே அவன் எழுதித் தந்த நினைவுக்குறிப்புகளை வெளியிடுவதாக அவர் அறிவிக்கிறார். அவன் திரும்பி வந்தால் வருவாயில் பங்கு தரவும் அணியமாயிருக்கிறார். இத்தகைய மருத்துவரை எவர் நம்புவர்? இதனாலேயே இப்புதினம் ஃபிராய்டின் கொள்கையை எள்ளி நகையாடுவது எனப் பலரும் கொள்வர். அக்கருத்து பாதியே பொருந்தும். எள்ளப்படுபவர் மருத்துவர், அவர் சுட்டும் வேட்கையோ பனுவலில் வலுவாகவே நிற்கிறது.

சான்றுகளைத் தருபவன் ஸேனோவே. புகைப்பழக்கத்தின் தொடக்கத்தைத் தேடும் அவன், தந்தையின் சட்டைப்பையிலிருந்து காசு திருடியதையும், தந்தை பாதி புகைத்து வைத்த சுருட்டுகளைக் கவர்ந்ததையும் நினைவுகூர்கிறான். ஒருநாள் உறங்குவதுபோலப் பாவனை செய்தபோது தாய் உதிர்த்த புன்னகையைக் காண்கிறான். பிற்காலத்தில் அதே புன்னகையைத் தன் மனைவியின் இதழ்களில் கண்டதாகவும் போகிறபோக்கில் குறிப்பிடுகிறான். தாயை விரும்பித் தந்தையை ஒழிக்க எண்ணியவன் என்று மருத்துவர் கூறும்போது நகைப்பவன், அம்முடிவுக்கான முதற்சான்றைத் தானே எழுதித் தந்ததை மறந்துவிடுகிறான்.

தந்தையின் இறப்பைக் கூறும் இயலே நூலின் உயிர்நிலை. மூளை பாதிப்புற்று நினைவிழந்து கிடக்கும் தந்தைக்கு அட்டை வைத்து நினைவு வரச் செய்ய முனைகிறார் மருத்துவர் கொப்ரோசிச். வேண்டாம் எனத் தடுக்கிறான் ஸேனோ. தந்தை துன்பத்தை உணராமலேயே போகட்டும் என்பது அவன் கூறும் காரணம். அக்காரணத்தை அவனே முழுதும் நம்பவில்லை என்பதை அவன் நடையின் தடுமாற்றம் காட்டுகிறது. பின்னர் நோயாளி அசையக்கூடாதென்னும் கட்டளையை ஏற்று, எழ முயலும் தந்தையைப் படுக்கையில் அழுத்திப் பிடிக்கிறான். தந்தை திமிறி எழுந்து கையை உயர ஓங்குகிறார். அக்கை மகனின் கன்னத்தில் விழ, அவர் சாய்ந்து இறக்கிறார்.

அது தண்டனையா? உயிர் பிரியும் உடலின் செயலிழந்த அசைவா? பனுவல் விடை கூறவில்லை. குற்றமற்றவன் என மெய்ப்பிக்கத் தந்தையிடமே அழுது வாதிடுகிறான் மகன். கேட்பதற்கு அவர் இல்லை. சிகிச்சையில் நிகழ்ந்திருக்க வேண்டியது இவ்வாதத்தின் மறுவிசாரணையே. ஆனால் மருத்துவர் நோய்க்குப் பெயர் சூட்டியதோடு நின்றுவிட, அப்பெயரின் தொன்மைச் சிறப்பில் மகிழ்ந்துபோகிறான் நோயாளி.

இதனினும் ஆழமான தடை மொழி. தாம் பேசுவது வட்டார வழக்கு. எழுதுவது தஸ்கனி இத்தாலியம். ஆதலால் எழுதும் ஒவ்வொரு சொல்லிலும் பொய் கலப்பதாக ஸேனோ முறையிடுகிறான். பேச்சும் எழுத்தும் விலகி நிற்கும் தமிழ்ச் சூழலின் வாசகர்க்கு இது புதிதன்று. மைத்துனன் குய்தோவின் பெரிய மரக்கிடங்கைக் குறிப்புகளில் மறைத்துவிட்டதாக மருத்துவர் குற்றஞ்சாட்டுகிறார். அதற்கு ஸேனோ தரும் விளக்கம் வேறு: திரியெஸ்தேயில் மரவகைகளுக்கு வழங்கும் பெயர்கள் வட்டார வழக்கிலிருந்தும் குரோவாசிய, ஜெர்மானிய மொழிகளிலிருந்தும் வந்தவை, அவற்றுக்கு நல்ல இத்தாலியச் சொல் தெரியாததால் கிடங்கையே விட்டுவிட்டானாம். இது சாக்குப்போக்காகவும் இருக்கலாம். எனினும், மறைக்கப்பட்டவை அனைத்தும் வேட்கையால் மறைக்கப்பட்டவை என்னும் மருத்துவரின் கருதுகோளை இம்மரக்கிடங்கு ஆட்டங்காணச் செய்கிறது.

நோய் முற்றுவதற்கு முந்திய இரவில், மகனிடம் சொல்ல வேண்டிய செய்தி சிக்கலானதன்று, ஒரே ஒரு சொல் அகப்பட்டால் போதும் எனத் தந்தை தேடித் தவிக்கிறார். அச்சொல் அகப்படவில்லை. அதன்பின் அவரிடமிருந்து மகனுக்கு வந்தது அந்த அடி மட்டுமே.