மனிதர் என்பதற்குச் சான்று வேண்டுமா?

பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒருவரைக் கண்ட சீடர்கள், ஆண்டவரிடம் அவருடைய பெயரைக் கேட்கவில்லை. அக்குறைக்குக் காரணமான பாவம் யாருடையது என்றே கேட்டனர். யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் வரும் அவ்வினா இன்னும் ஓயவில்லை. அரிய நோயொன்றால் உருமாறிய உடலைக் காணும்போது, 'இவர் யார்?' என்று கேட்கத் தோன்றுமுன், 'இது எதனால் வந்தது?' என்று கேட்கவே நம் நா எழுகிறது. கலையும் இலக்கியமும் இவ்வழக்கத்திலிருந்து நம்மை மீட்கின்றனவா? 'யானை மனிதன்' என்று உலகம் அழைத்த ஜோசப் மெரிக்கைப் பற்றிய மூன்று படைப்புகளை இக்கேள்வியோடு அணுகிப் பார்ப்போம்.

மெரிக் 1862இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே அவருடைய தோல் தடித்துத் தொங்கலாயிற்று. எலும்புகள் ஒழுங்கின்றிப் பெருத்தன. தலையும் வலக்கையும் அளவு மீறி வளர்ந்தன, பேச்சுக் குழறியது. இடக்கை மட்டும் பழுதின்றி இருந்தது. கருவுற்றிருந்தபோது தாய் ஒரு யானையைக் கண்டு மிரண்டதே இதற்குக் காரணம் என்று அவருடைய பெயரால் வெளியான சிறு பிரசுரம் கூறிற்று. சீடர்களின் வினாவுக்கு அக்காலத்தார் கண்ட விடை அது. பழி தாயின்மேல் விழுந்தது. அவருக்கிருந்தது புரோட்டியஸ் எனப்படும் நோய் என்று இன்று அறிஞர் பலர் கருதுகின்றனர். பத்து இலட்சத்தில் ஒருவருக்கும் குறைவாகவே வரும் இந்நோய், கரு வளரத் தொடங்கும் காலத்தில் ஓர் உயிரணுவில் தற்செயலாக நேரும் மரபணு மாற்றத்தின் விளைவு என்பது 2011இல் கண்டறியப்பட்டது. தாயின் அச்சமும் காரணம் அன்று; எவருடைய பாவமும் காரணம் அன்று.

முதற்படைப்பு, இலண்டன் அறுவை மருத்துவர் பிரெடரிக் டிரீவ்ஸ் 1923இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பு. மெரிக்கை 1884இல் ஒரு காட்சிக்கடையில் கண்டவர் இவர். 1886 முதல் அவர் இறக்கும்வரை பேணியவரும் இவரே. நடை தெளிவானது, இரக்கமும் மெய்யானது. எனினும் ஜோசப் என்ற பெயர் அந்நூலில் ஜான் என்று மாறிவிட்டது. நம் இல்லங்களில் சூசை என்று ஆசையோடு இட்டழைக்கும் பெயர் அது! நோயை நுணுக்கமாக விவரித்த கை, நோயாளியின் பெயரைத் தவறவிட்டது. முதற்பார்வையில் மெரிக்கை அறிவு வளர்ச்சியற்றவர் என்று எண்ணியதாகவும், தம் நிலையை உணராதிருப்பதே அவருக்கு நல்லது என்று கருதியதாகவும் டிரீவ்ஸ் ஒளிக்காமல் எழுதுகிறார். அந்த நேர்மையைப் போற்றுகிறோம். ஆனால் மெரிக் நூல்களை விரும்பிப் படிப்பவர், மென்மையான உள்ளத்தினர் என்று தெரிந்த பின்னரே அந்நூலின் தொனி மாறுவதையும் காண்கிறோம்.

இரண்டாவது, பெர்னார்ட் பொமரான்ஸ் எழுதி 1977இல் அரங்கேறிய நாடகம். மெரிக்காக நடிப்பவர் ஒப்பனை எதுவுமின்றி, உடலை வளைத்தும் குரலை மாற்றியுமே நோயை உணர்த்த வேண்டும் என்பது ஆசிரியர் வகுத்த விதி. காட்சிப்பொருளாக்கப்பட்ட உடலை மறுபடியும் காட்சிப்பொருளாக்க மறுக்கும் துணிவு இது. ஆயினும் அழகிய நடிகர் ஒருவரை நோக்கி இரங்குவது நமக்கு எளிது. நாம் கண்ணைத் திருப்பிக்கொள்ளும் அந்த நொடி நாடகத்தில் நேர்வதே இல்லை.

மூன்றாவது, டேவிட் லிஞ்ச் 1980இல் இயக்கிய திரைப்படம். கறுப்பு வெள்ளையில் உருவான அப்படம் அந்த நொடியை நமக்கு அளிக்கிறது. ஜான் ஹர்ட் கனத்த ஒப்பனைக்குள்ளிருந்து கண்களாலும் குரலாலும் ஒரு மனிதரை நம்முன் நிறுத்துகிறார். பார்த்தவர் எளிதில் மறவார். படத்தின் திருப்புமுனை ஒரு திருப்பாடல். மருத்துவமனைத் தலைவர் கார் கோம் சோதிக்க வருகிறார். டிரீவ்ஸ் கற்பித்த சில சொற்களையே மெரிக் திரும்பச் சொல்ல, தலைவர் நம்பிக்கையிழந்து வெளியேறுகிறார். அப்போது அறையினுள்ளிருந்து ஆயரைப் பாடும் 23ஆம் திருப்பாடல் ஒலிக்கிறது; கற்பிக்கப்படாத பகுதியும் தொடர்ந்து வருகிறது. மெரிக் தங்கலாம் என்று வழி பிறக்கிறது. நம் கண்களும் நனைகின்றன.

கண்ணீரைத் துடைத்தபின் ஒன்றைக் கேட்கிறோம்: அத்திருப்பாடல் அவருக்குத் தெரியாமலே இருந்திருந்தால்? பேசவே இயலாதவராக இருந்திருந்தால்? அவரை வெளியே அனுப்புவது நியாயமாகிவிடுமா? படம் நம்மை அறியாமலே ஒரு தேர்வை ஒப்புக்கொள்ளச் செய்கிறது. தேறியவரே மனிதர் என்கிறது அத்தேர்வு. இதுவே படத்தின் பெருங்குறை என்பது நம் கருத்து.

வரலாறு இதற்கு மாறாக ஒன்றைச் சொல்கிறது. 1886இல், ஐரோப்பியப் பெருநிலத்தில் சேமிப்பைப் பறிகொடுத்துக் கைவிடப்பட்ட மெரிக், இலண்டன் இரயில் நிலையத்தில் வந்து இறங்கினார். கூட்டம் சூழ்ந்தது. படத்தில் அவர் தாம் விலங்கு அல்லர், மனிதரே என்று உரக்க முழங்குகிறார். உண்மையிலோ அவருடைய பேச்சு யாருக்கும் விளங்கவில்லை. அவரிடமிருந்த டிரீவ்ஸின் முகவரி அட்டையே அவரைக் காத்தது. விளங்காத சொல்லோடு நின்ற அந்த நேரத்திலும் அவர் முழு மனிதரே. படம் அவருக்கு உரத்த குரலைக் கொடுத்து, குரலற்றோரின் இடத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது.

அவருடைய விருப்பத்தையும் எடுத்துக்கொண்டது. படத்தில் அவர் கொடியவனொருவனிடம் அடிபடும் அடிமை. உண்மையில், ஏழையர் விடுதியின் அவலத்திலிருந்து தப்ப எண்ணிய அவர், தாமே காட்சியாளர் ஒருவருக்குக் கடிதம் எழுதி அத்தொழிலைத் தேடிக்கொண்டார். காட்சிக்கடையைப் பார்த்து முகம் சுளிக்கும் நாம், மருத்துவர் கூட்டத்தின் முன் ஆடையின்றி நிற்க நேர்ந்ததும் அவரைப் புண்படுத்தியது என்று இலண்டன் காட்சியாளர் டாம் நார்மன் எழுதியதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆயினும் அதே படத்தில் இக்குறைக்கு மாற்றான காட்சியும் உண்டு. டிரீவ்ஸின் மனைவி வீட்டுக்கு வந்த விருந்தினரிடம் கைநீட்டுவதுபோல் இயல்பாக மெரிக்கிடம் கைநீட்டுகிறார்; அவர் அழுதுவிடுகிறார். நூலில் அக்கை ஓர் இளம் கைம்பெண்ணுடையது. புன்னகைத்துத் தம் கையைப் பற்றிய முதற்பெண் அவரே என்று மெரிக் பின்னர்க் கூறினாராம். அங்கே தேர்வு இல்லை. திருப்பாடல் ஒப்பித்தலும் இல்லை. ஒரு கை நீண்டது, அவ்வளவே. மூன்று படைப்புகளிலும் நாம் நெஞ்சில் வைத்துக்கொள்ள விரும்புவது இதனையே.

தலையின் பாரத்தால் மெரிக் அமர்ந்தவாறே உறங்குவது வழக்கம். 1890 ஏப்ரல் 11ஆம் நாள், கட்டிலின் குறுக்கே இறந்து கிடந்தார், வயது 27. மற்றவரைப்போல் படுத்துறங்க முயன்றிருக்கலாம் என்பது டிரீவ்ஸின் ஊகம். படமோ ஊகத்தை முடிவாக்கி, சிலுவையில் ஆண்டவர் உரைத்த நிறைவுச் சொல்லை அவர் வாயில் வைத்துப் படுக்கச் செய்கிறது. அழகிய காட்சிதான். ஆனால் இங்கும் அவர் நம் உருக்கத்திற்கான உருவகமாகிவிடுகிறார்.

பழுதற்ற இடக்கையின் துணையால் மெரிக் அட்டையில் ஒரு சிறு ஆலயம் செய்தார்; அது இன்றும் எஞ்சியுள்ளது. நூலும் நாடகமும் படமும் அவரைப் பற்றிப் பேசுகின்றன. இந்த ஆலயம் அவரே பேசியது.

நம் பங்கு ஆலயத்தின் கடைசி வரிசையில், பெயர் தெரியாத நோயுடன் பிறந்த குழந்தையை மடியில் வைத்து ஒரு தாய் அமர்ந்திருக்கக்கூடும். அக்குழந்தை எத்திருப்பாடலையும் என்றுமே ஒப்பிக்காமல் போகலாம். திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, 'இது எதனால்?' என்று அத்தாயிடம் கேளாதிருப்போம். குழந்தையின் பெயர் என்னவென்று கேட்போம். கேட்டபின் அப்பெயரைச் சொல்லியே அழைப்போம்.