'இட்ஸ்' படுத்தும் பாடு

போன வாரம் ஆபீஸில் ஒரு ஜூனியர், 'அதனுடைய' என்ற பொருளில் வரும் 'இட்ஸ்'-க்கு அபாஸ்ட்ரஃபி போட்டுவிட்டார். எல்லார் முன்னாடியும் "ஸ்கூல் கிராமர்கூட தெரியாதா?" என்று கேட்டுட்டேன். அப்புறம் தேடிப் பார்த்தா, 1787-ல் எழுதின அமெரிக்க அரசியல் சாசனத்திலேயே அதே அபாஸ்ட்ரஃபி இருக்கு! 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் அது சகஜம்.

நான் படித்த இலக்கணப் புத்தகங்கள் இதைக் 'கவனக்குறைவு' என்று முடித்துவிடுகின்றன. பெயர்ச்சொல்லுக்குப் போடு, பிரதிப்பெயருக்குப் போடாதே என்றால் குழப்பம் வரத்தானே செய்யும்? 'ஹிஸ்', 'ஹெர்ஸ்', 'தெய்ர்ஸ்' எதிலும் அபாஸ்ட்ரஃபி கிடையாது. 'இட்ஸ்' அந்த வரிசை என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

விதி சரிதான். அதை வைத்து ஆளை எடைபோட்டதுதான் தப்பு. ஜூனியரிடம் ஸாரி சொல்லிட்டேன்.